பைத்தியம் என்றொரு தீர்ப்பு

செசரியா நகரில் ஆளுநர் பெஸ்துவின் முன்னிலையில் திருத்தூதர் பவுல் தம் வழக்கை எடுத்துரைக்கும் காட்சியை, திருத்தூதர் பணிகள் நூலின் 26ஆம் பிரிவில் நாம் வாசிக்கிறோம். உயிர்ப்பைப் பற்றிப் பவுல் பேசியதும் ஆளுநருக்குப் பொறுக்கவில்லை. அளவுக்கு மீறிப் படித்ததால் இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று உரத்த குரலில் கத்துகிறார். பவுல் பதறவில்லை. மரியாதை குறையாமல் மறுத்துவிட்டுத் தொடர்ந்து பேசுகிறார். பெஸ்துவும் கத்தியதோடு விட்டுவிட்டார். மருத்துவரை அழைத்துச் சான்றிதழ் எழுதி வாங்க அவருக்குத் தோன்றவில்லை. உரோமைக் குடிமகனுக்குரிய உரிமையோடு பவுல் பேரரசரின் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டார். கைதிதான், ஆனால் போகும் வழியெல்லாம் அவருடைய பேச்சு பேச்சாகவே கேட்கப்பட்டது.

பெஸ்து கோபத்தில் சொன்ன அந்த வார்த்தையை, 20ஆம் நூற்றாண்டில் சோவியத் ஒன்றியம் ஓர் அரசு நடைமுறையாகவே ஆக்கியது. ஆட்சியைக் குறை கூறியவர்கள், வெளிநாட்டுக்குக் குடிபெயர அனுமதி கேட்டவர்கள், வழிபாட்டு உரிமைக்காக மனுவில் கையெழுத்திட்டவர்கள் எனப் பலரும் மனநோயாளிகள் என்று முத்திரை குத்தப்பட்டு, பூட்டிய மருத்துவமனைகளில் ஆண்டுக்கணக்கில் அடைக்கப்பட்டார்கள். சிறையும் வதைமுகாமும் பல ஆட்சிகளில் இருந்தவைதான். வெள்ளை அங்கி அணிந்த மருத்துவரைச் சிறைக்காவலராக்கிய இந்த முறையை நாம் தனியே எண்ணிப் பார்ப்பது நல்லது. ஏனெனில் அதன் வேர், மனநோய் பற்றிப் பொதுமக்களிடம் ஏற்கெனவே இருந்த ஓர் எண்ணத்தில் இருந்தது.

இதற்கு ரஷ்யாவில் ஒரு பழைய முன்னுதாரணமும் உண்டு. 1836ல் பியோத்தர் சாதாயெவ் என்ற சிந்தனையாளர், 'டெலஸ்கோப்' என்ற இதழில் ஒரு கடிதம் வெளியிட்டார். ஐரோப்பாவின் கத்தோலிக்க மரபிலிருந்து பிரிந்து நின்றதால் ரஷ்யா பின்தங்கிப் போயிற்று என்பது அதன் சாரம். பேரரசர் முதலாம் நிக்கோலாஸ் அவரைச் சிறைக்கு அனுப்பவில்லை. அவருக்கு மூளை கலங்கிவிட்டது என்று அறிவித்து, வீட்டுக்காவலில் வைத்து, மருத்துவர் சென்று பார்த்துவர ஏற்பாடு செய்தார். சாதாயெவ் அடுத்த ஆண்டே, தம்மைப் பைத்தியம் என்று அழைத்தவர்களுக்கு மறுமொழியாக ஒரு கட்டுரை எழுதினார். அக்கட்டுரைக்கு அவர் சூட்டிய தலைப்பிலேயே தம்மைப் பைத்தியக்காரன் என்றுதான் குறித்துக்கொண்டார். அந்தக் கடுமை சில மாதங்களில் தளர்ந்தது. மன்னரின் தண்டனையில் கேலி இருந்தது. அவருக்குப் பின் வந்தவர்களிடம் அந்தக் கேலியும் இல்லை.

சோவியத் ஆட்சிக்கு ஒரு கொள்கைச் சிக்கல் இருந்தது. மனிதனின் சிந்தனையை அவன் வாழும் சமூகச் சூழலே உருவாக்குகிறது என்பது அவர்களது பாடம். சுரண்டலை ஒழித்துவிட்டோம், நீதியான சமுதாயத்தைக் கட்டிவிட்டோம் என்று அறிவித்த பிறகு, அச்சமுதாயத்திலேயே பிறந்து அதன் பள்ளியிலேயே படித்த ஒருவர் அதை எதிர்ப்பதற்கு என்ன காரணம் சொல்வது? ஒன்று, அவர் அந்நியரின் கையாள். இல்லையென்றால் அவருக்கு மூளையில் கோளாறு. ஆட்சித் தலைவர் குருஷ்சேவ் 1959ல் ஆற்றிய உரை ஒன்றில் இதை ஒளிக்காமலே சொன்னார். கம்யூனிசத்தை எதிர்க்குமாறு அழைப்பு விடுப்போரின் மனநிலை இயல்பானதல்ல என்பது அவர் கூற்றின் பொருள். நம் ஊர்களில் அப்போது 'சோவியத் நாடு' இதழ் வழவழப்பான தாளில் வந்துகொண்டிருந்தது. அதன் பக்கங்களைக் கிழித்துப் பள்ளி நோட்டுக்கு அட்டை போட்டவர்கள் இன்றும் நம் பங்குகளில் இருப்பார்கள். கோதுமை வயல்களும் சிரிக்கும் குழந்தைகளும் நிறைந்த அந்தப் படங்களில் இந்த மருத்துவமனைகள் இடம்பெறவில்லை.

கொள்கைக்கு மருத்துவச் சொல் ஒன்று தேவைப்பட்டது. அதைத் தந்தவர் மாஸ்கோவின் புகழ்பெற்ற மனநல மருத்துவர் ஆந்திரேய் ஸ்னெஷ்னேவ்ஸ்கி. மனச்சிதைவு நோயை அவரது பள்ளி பல வகைகளாகப் பிரித்தது. அவற்றுள் ஒன்று, மெல்ல மெல்ல, வெளியே தெரியாமல் வளரும் வகை. இந்த வகையில் நோயாளிக்குக் குரல்கள் கேட்கவேண்டியதில்லை, இல்லாத உருவங்கள் தெரியவேண்டியதில்லை. வேலைக்குப் போவார், குடும்பம் நடத்துவார், தெளிவாகப் பேசுவார். ஆனால் சமுதாயத்தைச் சீர்திருத்தவேண்டும் என்ற ஓயாத எண்ணம், நீதிக்காக விடாமல் போராடும் பிடிவாதம், தத்துவத்தில் அளவுகடந்த நாட்டம், இவையெல்லாம் நோயின் அடையாளங்களாகக் கொள்ளப்பட்டன. இதைக் கேட்கும்போதே இதன் வசதி நமக்குப் புரிகிறது. நலமாக இருப்பதாகத் தெரிவதே நோய் மறைந்திருப்பதற்குச் சான்றாகிவிடுகிறது.

நடைமுறை இப்படி இருந்தது. சோவியத்துக்கு எதிரான பிரச்சாரம் என்ற 70ஆம் சட்டப்பிரிவின் கீழோ, 1966ல் சேர்க்கப்பட்ட அவதூறுப் பிரிவின் கீழோ ஒருவர் கைது செய்யப்படுவார். புலனாய்வு அதிகாரி அவரை மனநலப் பரிசோதனைக்கு அனுப்புவார். முக்கியமான வழக்கென்றால் மாஸ்கோவின் செர்ப்ஸ்கி நிலையத்துக்கு. அங்குள்ள மருத்துவர் குழு, இவர் தம் செயலுக்குப் பொறுப்பேற்க இயலாதவர் என்று எழுதித்தரும். அதன்பின் வழக்கு நடக்கும். ஆனால் நோயாளி என்பதால் அவரை நீதிமன்றத்துக்கு வரவிடாமலே அதை நடத்தி முடிக்கலாம். நீதிமன்றம் கட்டாய சிகிச்சைக்கு ஆணையிடும். சிறைத்தண்டனைக்கு இத்தனை ஆண்டு என்று ஒரு கணக்கு உண்டு. சிகிச்சைக்கு அந்தக் கணக்கே கிடையாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு குழு வந்து பார்க்கும். உங்கள் கருத்துகள் மாறிவிட்டனவா என்று கேட்கும். மாறவில்லை என்றால் நோய் குணமாகவில்லை.

பியோத்தர் கிரிகோரென்கோவின் கதையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். உக்ரேனியக் கிராமம் ஒன்றில் 1907ல் பிறந்த அவர், இரண்டாம் உலகப்போரில் போரிட்டவர், இராணுவத் தளபதியாக உயர்ந்தவர், மாஸ்கோவின் ஃபுரூன்சே இராணுவக் கல்விக்கூடத்தில் பாடம் சொன்னவர். கட்சியில் உறுதியான பற்று கொண்டவர். 1961ல் கட்சிக் கூட்டமொன்றில் எழுந்து, ஸ்டாலினுக்கு நடந்த தனிமனித வழிபாடு மறுபடி தலைதூக்கக்கூடும் என்று எச்சரித்தார். அதற்காகத் தொலைதூரத்துக்கு மாற்றப்பட்டார். வாய் மூடவில்லை. 1964ல் கைது. செர்ப்ஸ்கி நிலையம் அவரை மனநோயாளி என்றது. லெனின்கிராட் சிறப்பு மருத்துவமனையில் அடைத்தார்கள். அத்தோடு அவரது தளபதிப் பதவியையும் ஓய்வூதியத்தையும் பறித்துச் சாதாரணப் படைவீரர் நிலைக்கு இறக்கினார்கள். இதில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். நோயுற்ற அதிகாரிக்குச் சட்டப்படி ஓய்வூதியம் உண்டு. அவர் உண்மையிலேயே நோயாளி என்று அவர்கள் நம்பியிருந்தால் அதைப் பறித்திருக்க முடியாது. அடைப்பதற்கு நோயாளி, தண்டிப்பதற்குக் குற்றவாளி என்று ஒரே ஆளை இருவகையாகவும் நடத்தினார்கள். 1965ல் வெளியே வந்த முன்னாள் தளபதி, கடைகளில் மூட்டை தூக்கிப் பிழைத்தார்.

அவர் பின்னர் எடுத்துக்கொண்ட காரியம் தம்முடையதல்லாத ஒரு மக்களின் துயரம். கிரிமியத் தாத்தார் இன மக்களை 1944ல் ஸ்டாலின் ஒட்டுமொத்தமாக நாடுகடத்தி மத்திய ஆசியாவில் கொண்டுபோய் விட்டிருந்தார். தாய்மண்ணுக்குத் திரும்ப அவர்கள் நடத்திய போராட்டத்துக்குக் கிரிகோரென்கோ துணை நின்றார். 1969 மே மாதம், அவர்களில் சிலர் மீது நடந்த வழக்குக்காகத் தாஷ்கண்ட் சென்றபோது அங்கேயே கைது செய்யப்பட்டார்.

தாஷ்கண்டில் நடந்ததுதான் நம் சிந்தனைக்கு உரியது. பேராசிரியர் தெத்தென்கோஃப் தலைமையிலான உள்ளூர் மருத்துவர் குழு அவரைப் பரிசோதித்து, இவருக்கு மனநோய் எதுவும் இல்லை, தம் செயலுக்குப் பொறுப்பானவர்தான் என்று எழுதிக் கையெழுத்திட்டது. தலைநகரிலிருந்து வெகுதொலைவில் இருந்த அந்த மருத்துவர்கள், வந்திருப்பவர் யார், அவரைப் பற்றி மேலிடம் என்ன எதிர்பார்க்கிறது என்பதை அறியாதவர்கள் அல்லர். இருந்தும் கண்டதை எழுதினார்கள். அந்த அறிக்கை பயன்படவில்லை. கிரிகோரென்கோவை மாஸ்கோவுக்குக் கொண்டுபோய், செர்ப்ஸ்கியில் வேறொரு குழுவை அமர்த்தி, வேண்டிய முடிவைப் பெற்றார்கள். வெளிப்பார்வைக்கு அவர் ஒழுங்காக நடந்துகொள்வதைப் பார்த்துத் தாஷ்கண்ட் குழு ஏமாந்துவிட்டது என்பது அவர்கள் தந்த விளக்கம். கிழக்குப் பிரஷ்யாவின் பழைய சிறைக்கட்டடம் ஒன்றில் இயங்கிய செர்னியாகோவ்ஸ்க் சிறப்பு மருத்துவமனைக்கு அவர் அனுப்பப்பட்டார். அவருடைய மனைவி சினாயிதா ஊர் ஊராகக் கடிதம் எழுதி உலகின் காதில் இதைப் போட்டுக்கொண்டே இருந்தார். 1974 ஜூன் மாதம், அமெரிக்க அதிபர் நிக்சனின் மாஸ்கோ வருகையையொட்டி, கிரிகோரென்கோ விடுவிக்கப்பட்டார். ஐந்தாண்டு நீடித்த நோய், விருந்தாளி வரும் நாளில் குணமானது.

சிறப்பு மருத்துவமனைகள் சுகாதாரத் துறையின் கீழ் இல்லை. உள்துறை அமைச்சகத்தின் கீழ் இருந்தன. கசான், லெனின்கிராட், சிச்சோவ்கா, தினிப்ரோபெத்ரோவ்ஸ்க், செர்னியாகோவ்ஸ்க் ஆகிய ஊர்ப்பெயர்கள் அந்நாளைய மனித உரிமைக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. வார்டுகளில் உதவியாளர் வேலை பார்த்தவர்களில் பலர் தண்டனைக் கைதிகள். கொலைவெறி கொண்ட நோயாளியும் கணிதப் பேராசிரியரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில். மருந்துகளும் தண்டனையாயின. ஹாலோபெரிடோல் மருந்தை அதன் பக்கவிளைவைத் தணிக்கும் துணைமருந்து இல்லாமலே கொடுத்தார்கள். உடல் விறைக்கும், கை நடுங்கும், ஓரிடத்தில் உட்காரவும் முடியாது, நடக்கவும் முடியாது. கந்தகத்தை எண்ணெயில் கலந்து ஊசியாகப் போடுவார்கள். கடுமையான வலியும் 40 டிகிரிவரை காய்ச்சலும் வரும். ஈரக் கித்தான் துணியில் உடலை இறுகச் சுற்றி, அது காயக் காய மேலும் இறுகவிடுவதும் உண்டு.

கவிஞர் நத்தாலியா கோர்பனேவ்ஸ்கயா இதை அனுபவித்தவர். செக்கோஸ்லொவாக்கியாவுக்குள் சோவியத் படைகள் நுழைந்ததைக் கண்டித்து 1968 ஆகஸ்ட் 25 அன்று மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் கூடிய எட்டுப் பேரில் அவரும் ஒருவர். கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். 1969 இறுதியில் கைதாகி, கசான் மருத்துவமனையிலும் அடைபட்டு, 1972ல் வெளியே வந்தார். உக்ரேனியக் கணித வல்லுநர் லியோனித் பிளியுஷ்ச் 1973 முதல் 1976 தொடக்கம்வரை தினிப்ரோபெத்ரோவ்ஸ்கில் இருந்தார். பிரான்சின் கணித அறிஞர்கள் நடத்திய இயக்கத்தால் விடுதலையாகிப் பாரிசுக்கு வந்த அவர், தமக்குள் நடந்ததைச் செய்தியாளர்களிடம் விவரித்தார். முதலில் அரசியலில் இருந்த ஈடுபாடு போயிற்றாம், பிறகு அறிவியலில், கடைசியில் மனைவி மக்கள்மீதே அக்கறை வற்றிப்போயிற்றாம். ஊசியின் வலியைவிட, தாம் தாமாக இல்லாமல் ஆகிக்கொண்டிருந்ததைத் தாமே பார்த்துக்கொண்டிருந்த வேதனை பெரிது என்பதை அவர் பேச்சிலிருந்து நாம் உணர்கிறோம்.

விசுவாசிகளும் தப்பவில்லை. கடவுள் நம்பிக்கை பழைய தலைமுறையின் எச்சம், தானே மறைந்துவிடும் என்பது ஆட்சியின் எதிர்பார்ப்பு. பாட்டிமார் கோவிலுக்குப் போவதைப் பொறுத்துக்கொண்டார்கள். சோவியத் பள்ளியில் படித்த இளைஞர் ஒருவர் மண்டியிட்டுச் செபிப்பதை அவர்களால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. மாஸ்கோவைச் சேர்ந்த ஆர்த்தடாக்ஸ் விசுவாசி கென்னாதி ஷிமானோவ் 1969ல் மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். வளர்ந்த பிறகு அவருக்கு வந்த விசுவாசமே அங்கு நோயாகப் பார்க்கப்பட்டது. உக்ரேனில் கிரேக்க கத்தோலிக்கத் திருச்சபை 1946ல் கலைக்கப்பட்டு, மறைவாக வாழ்ந்துவந்தது. அதன் உரிமைக்காக உழைத்த பொதுநிலையினர் யோசிப் தெரெல்யா, முகாம்களிலும் சிறைகளிலும் சிச்சோவ்கா போன்ற மனநல மருத்துவமனைகளிலும் தம் வாழ்வின் பல ஆண்டுகளைக் கழித்தார்.

லித்துவேனியாவில் 1972 மார்ச் 19, புனித யோசேப்பு திருவிழாவன்று, 'லித்துவேனியக் கத்தோலிக்கத் திருச்சபையின் நாளாகமம்' என்ற இரகசிய இதழ் தொடங்கியது. தட்டச்சுப் பொறியில் கார்பன் தாள் வைத்து அடிக்கப்பட்டு, கைக்குக் கை மாறிய இதழ் அது. 1989வரை 81 இதழ்கள் வந்தன. அதைத் தொடங்கி நடத்திய அருட்பணியாளர் சிகித்தாஸ் தாம்கேவிச்சியுஸ் பின்னாளில் கௌனாஸ் பேராயராகி, 2019ல் கர்தினாலாகவும் உயர்த்தப்பட்டார். விசுவாசிகள்மீது நடந்த அடக்குமுறைகளை ஊர், நாள், பெயரோடு பதிவு செய்ததே அவ்விதழின் வலிமை. அதைத் தட்டச்சு செய்ததற்காக 1974ல் கைதான அருட்சகோதரி நியோலே சதுனாய்தேயை, விசாரணையின்போது மனநல மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவதாக மிரட்டினார்கள். அந்த மிரட்டலை அவர் நீதிமன்றத்திலேயே எடுத்துச் சொன்னார். மூன்றாண்டு முகாமும் மூன்றாண்டு சைபீரிய நாடுகடத்தலும் அவருக்குக் கிடைத்த தீர்ப்பு. 2024 மார்ச் 31, உயிர்ப்புப் பெருவிழா அன்று அவர் இறைவனடி சேர்ந்தார்.

சதுனாய்தேவுக்கு முகாம் கிடைத்தது ஒருவகையில் மரியாதை என்றுகூட நமக்குத் தோன்றுகிறது. குற்றவாளி என்று தீர்ப்பளித்தவர்கள், அவர் சொன்னதை ஒரு கருத்தாகவாவது ஏற்றுக்கொண்டார்கள். முகாமில் இருப்பவர் சொல்வது தவறு என்று வாதிடலாம். மனநோயாளி என்று எழுதப்பட்டவரிடம் வாதிடவேண்டிய தேவையே இல்லை. அவர் கோபப்பட்டால் அது நோயின் வேகம். அமைதியாக இருந்தால் உணர்ச்சி மரத்துப்போனதன் அறிகுறி. எனக்கு நோய் இல்லை என்றால், தன் நோயைத் தானே அறியாத நிலை. விடுதலையான பிறகும் ஊரில் மனநலப் பதிவேட்டில் பெயர் இருக்கும், வேலை கிடைக்காது, சாட்சி சொன்னால் செல்லாது.

இந்த வலைக்குள்ளிருந்தே அதை எதிர்த்த மருத்துவர்களும் உண்டு. கீவ் நகரின் செமியோன் குளூஸ்மன் 1971ல் 25 வயது இளைஞர், மனநல மருத்துவத்தில் அப்போதுதான் காலடி வைத்தவர். கிரிகோரென்கோவை அவர் நேரில் பார்த்ததில்லை. கிடைத்த ஆவணங்களையும் எழுத்துகளையும் வைத்து, தளபதிக்கு மனநோய் இல்லை என்று முறையான மருத்துவ அறிக்கை ஒன்றைத் தயாரித்தார். அது கைமாறிக் கைமாறிப் பரவியது. 1972ல் குளூஸ்மன் கைது செய்யப்பட்டார். ஏழாண்டு முகாம், மூன்றாண்டு நாடுகடத்தல். பெர்ம் முகாமில் அவர் சந்தித்த விளாதிமிர் புகோவ்ஸ்கி, இந்த மருத்துவமனைகளை உள்ளிருந்து அறிந்தவர். மருத்துவ அறிக்கைகளின் நகல்களைச் சுமார் 150 பக்க அளவில் 1971ல் மேற்கு நாட்டு மருத்துவர்களுக்கு அனுப்பிவைத்தவரும் அவரே. இருவரும் சேர்ந்து முகாமிலேயே ஒரு கையேடு எழுதினார்கள். மாற்றுக்கருத்து கொண்டவர்கள் மனநலப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டால் எப்படி நடந்துகொள்வது என்பதற்கான வழிகாட்டி அது. எந்தக் கேள்விக்குப் பின்னால் எந்த நோய்ப்பெயர் காத்திருக்கிறது, தத்துவத்தில் ஆர்வம் உண்டு என்று ஏன் வாய்திறக்கக்கூடாது என்றெல்லாம் அதில் விளக்கினார்கள். அதைப் பிளியுஷ்சுக்குக் காணிக்கையாக்கினார்கள். கார்கிவ் நகர மருத்துவர் அனத்தோலி கொர்யாகின், இப்படி முத்திரை குத்தப்பட்டவர்களைத் தாமே பரிசோதித்து நலமானவர்கள் என்று சான்றளித்துவந்தார். 1981ல் அவருக்கும் ஏழாண்டு முகாம், ஐந்தாண்டு நாடுகடத்தல்.

உலக மருத்துவர்கள் என்ன செய்தார்கள்? புகோவ்ஸ்கியின் ஆவணங்கள் கையில் இருந்தும், 1971ல் மெக்சிகோவில் கூடிய உலக மனநல மருத்துவச் சங்கம் அசையவில்லை. 1977ல் ஹொனலூலுவில் நடந்த மாநாட்டில்தான் சோவியத் முறைகேட்டைக் கண்டிக்கும் தீர்மானம் நிறைவேறியது. வாக்குகள் 90க்கு 88. இரண்டே வாக்கு! இவ்வளவு சான்றுகளுக்குப் பிறகும் பாதிப்பேருக்கு மனம் வரவில்லை என்பது நமக்கு வருத்தம் தருகிறது. ஆனாலும் அழுத்தம் தொடர்ந்தது. வெளியேற்றப்படும் நிலை வந்தபோது, 1983ல் சோவியத் சங்கம் தானாகவே விலகிக்கொண்டது. கோர்பச்சேவ் காலத்தில், 1988ல், சிறப்பு மருத்துவமனைகள் உள்துறையிடமிருந்து சுகாதார அமைச்சகத்துக்கு மாற்றப்பட்டன. 1989ல் ஏதென்ஸ் மாநாட்டில், அரசியல் நோக்கத்துக்காக மனநல மருத்துவம் தவறாகப் பயன்பட்டது உண்மையே என்று ஒப்புக்கொண்ட பிறகே மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள்.

கிரிகோரென்கோ 1977ல் அமெரிக்கா சென்றார். அடுத்த ஆண்டு சோவியத் அரசு அவருடைய குடியுரிமையைப் பறித்தது. தம்மைப் பரிசோதிக்குமாறு அவரே அமெரிக்க மனநல மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டார். 1979ல் அவர்கள் பார்த்துவிட்டு, இப்போதும் நோயில்லை, முன்பும் இருந்ததற்கான அடையாளமில்லை என்றார்கள். 1987ல் நியூயார்க்கில் அவர் இறந்தார். 1991ல், சோவியத் ஒன்றியம் கலைவதற்குச் சற்று முன், அந்நாட்டு மருத்துவர்களைக் கொண்ட குழுவே அவரது 29 தொகுதிக் கோப்புகளை மாதக்கணக்கில் புரட்டி அதே முடிவுக்கு வந்தது. 22 ஆண்டுகளுக்கு முன் தாஷ்கண்ட் மருத்துவர்கள் எழுதிய முடிவும் அதுதான்.

பரிசோதித்த குழுவில் இருந்த வால்ட்டர் ரைக் என்ற மருத்துவர், பின்னர் ஸ்னெஷ்னேவ்ஸ்கியையும் நேரில் சந்தித்துப் பேசினார். அவர் முன்வைத்த கருத்து நம்மைச் சும்மா விடுவதில்லை. செர்ப்ஸ்கி மருத்துவர்கள் எல்லாரும் தெரிந்தே பொய் எழுதவில்லை, பலர் அதை நம்பியே எழுதினார்கள் என்கிறார் அவர். வேலையையும் குடும்பத்தையும் பணயம் வைத்து, வெல்லமுடியாத அரசை ஒருவர் எதிர்ப்பது அந்தச் சமுதாயத்தில் அவ்வளவு அரிது. சுற்றியிருந்த எல்லாரும் வாய்மூடி வாழும்போது, பேசுகிறவர் உண்மையிலேயே விசித்திரமாகத்தான் தெரிந்தார். அண்டை வீட்டாரும் சிலவேளை உறவினரும்கூட அப்படியே நினைத்தார்கள். இயேசுவைப் பற்றியும் அவருடைய உறவினர் அவ்வாறு எண்ணி, பிடித்துக்கொண்டுபோக வந்ததை மாற்கு நற்செய்தியின் 3ஆம் பிரிவு மறைக்காமல் சொல்கிறது.

இந்த முத்திரை பலித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மனநோயாளி சொல்வதைக் கேட்கவேண்டியதில்லை என்ற எண்ணம் மக்களிடம் முன்பே இருந்தது. அரசு அதைப் புதிதாக உருவாக்கவில்லை, எடுத்துப் பயன்படுத்திக்கொண்டது. அங்கே அடைபட்டவர்களில் உண்மையாகவே நோயுற்றவர்களும் ஏராளம். அதே கந்தக ஊசி அவர்களுக்கும் போடப்பட்டது. அவர்களுக்காகப் பாரிசில் எந்த அறிஞரும் கையெழுத்து வாங்கவில்லை. நலமானவரை நோயாளி என்றது அநீதி என்று நாம் பேசும்போது, நோயாளிக்கு அந்தக் கொடுமை தகும் என்ற பொருள் அதில் நுழைந்துவிடக் கூடாது. நம் பங்குகளிலும் மனநோய்க்குச் சிகிச்சை பெறும் சகோதர சகோதரிகள் இருக்கிறார்கள். வீட்டுப் பாகப்பிரிவினையிலோ அன்பியக் கூட்டத்திலோ அவர்கள் நியாயமான ஒரு குறையைச் சொன்னாலும், 'அது மாத்திரை சாப்பிடுகிற ஆள்' என்ற ஒரே சொல்லால் பேச்சு முடிந்துவிடுகிறது.

சோவியத் அனுபவத்தின் பின்னணியில்தான், 1991 டிசம்பர் 17 அன்று, மனநோய் உற்றோரின் பாதுகாப்புக்கான கோட்பாடுகளை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்டது. அதன் 4ஆம் கோட்பாடு, அரசியல் நிலையையோ, சமுதாயத்தில் நிலவும் அரசியல், சமய நம்பிக்கைகளோடு ஒத்துப்போகாததையோ வைத்து ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக்கூடாது என்கிறது. அதே கருத்து நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் இடம்பெற்றுள்ளது. 2018 மே மாதம் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. முன்பு ஒருமுறை சிகிச்சை பெற்றிருந்தார் என்பது மட்டுமே இப்போதைய நோய்க்குச் சான்றாகாது என்றும் அப்பிரிவு கூறுகிறது. குடும்பத்தில் ஒருவரை விருப்பமின்றிச் சேர்க்க நேர்ந்தால், மறுஆய்வு வாரியத்திடம் முறையிட அவருக்கு உரிமை உண்டு. இதைப் படித்து வைத்திருப்பது நம் பங்குகளின் நலப்பணிக் குழுக்களுக்கு மிகவும் பயன்படும்.

ரஷ்யாவிலும் இப்படி ஒரு சட்டம் உண்டு. ஒன்றியம் கலைந்தவுடன், 1992லேயே அதை இயற்றினார்கள். சமுதாயத்தின் அரசியல் அல்லது சமய மதிப்பீடுகளோடு உடன்படாததை மட்டும் வைத்து நோய் கண்டறியக்கூடாது என்று அதன் 10ஆம் பிரிவு சொல்கிறது. 2019ல், யாக்கூத்தியாவைச் சேர்ந்த அலெக்சாந்தர் கபிஷெவ் என்ற பழங்குடிப் பூசாரி, அதிபர் புட்டினைப் பதவியிலிருந்து விரட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டு ஒரு கைவண்டியை இழுத்தபடி மாஸ்கோவை நோக்கி நடக்கத் தொடங்கினார். போகும் வழியில் மக்கள் கூடி அவர் பேச்சைக் கேட்டார்கள். பாதிவழியில் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி கிளம்ப முயன்றார். காவலர் ஒருவரைத் தாக்கியதாக வழக்கு வந்தது. 2021 ஜூலை மாதம் யாக்கூத்ஸ்க் நீதிமன்றம் அவரைக் கட்டாய மனநல சிகிச்சைக்கு அனுப்பியது. 2022ல் உக்ரேன் போர் தொடங்கியபின், போரைக் கண்டித்து இணையத்தில் எழுதிய பீட்டர்ஸ்பர்க் நகரப் பெண் ஒருவருக்கு 2023 டிசம்பரில் அதே ஆணை பிறந்தது. 1992ஆம் ஆண்டுச் சட்டம் அந்த நாள்களிலும் நடைமுறையில்தான் இருந்தது.